காய்ச்சலோடு இறுதி ஆட்டம் ஆடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. நாளை மாலை கூடைப்பந்து இறுதி ஆட்டம். நேற்றிரவிலிருந்து 101 டிகிரி காய்ச்சல், உடம்பெல்லாம் வலி. "ஜோர்டன் காய்ச்சலோடு ஆடி ஜெயிக்கலையா?" என்று கேட்கிறான். மாத்திரை கொடுத்து அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். நாளைக்கு அவன் ஆடக்கூடாது.

மகன் சொல்லும் அந்த ஆட்டம் எனக்கும் பிடித்ததுதான். 1997 ஜூன் 11, சால்ட் லேக் சிட்டி, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் இறுதிச் சுற்றில் ஐந்தாவது ஆட்டம். ஆரம்பத்தில் எதிரணியான யூட்டா ஜாஸ் 16 புள்ளிகள் முன்னிலைக்குப் போய்விட்டது. உடம்பு முடியாமல் சோர்ந்து கிடந்த மைக்கேல் ஜோர்டன் 44 நிமிடம் ஆடி 38 புள்ளிகள் எடுத்தார். கடைசி நிமிடத்தில் அவர் எறிந்த ஒரு ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகத் தரப்படும் தடையில்லா வீச்சு) தவறியது. அந்தப் பந்தைத் தானே பிடித்து, 25 வினாடி மிச்சமிருக்கையில் மூன்று புள்ளி போட்டார். அவருடைய அணியான சிகாகோ புல்ஸ் 90-88 என்று வென்றது. சக வீரர் ஸ்காட்டி பிப்பன்தான் அவரைத் தாங்கிப் பிடித்து நடத்திப் போனார்.

ஆனால் மகனிடம் ஒன்றைச் சொல்லுங்கள். அந்த ஆட்டத்துக்கு 'ஃப்ளூ கேம்' என்று பெயர் நிலைத்துவிட்டாலும், அது ஃப்ளூ அல்ல, பீட்சா சாப்பிட்டதால் வந்த உணவு நஞ்சு என்று ஜோர்டனே பின்னாளில் சொன்னார். அதோடு ஆடுவதும் ஆபத்துதான், உடம்பில் நீர் வற்றிவிடும். உங்கள் மகனுடையதோ வைரஸ் காய்ச்சல் போலத் தெரிகிறது. சில வைரஸ்கள் இதயத் தசையையும் தாக்கும். அந்த நேரத்தில் ஓடிக் குதித்தால் வீக்கம் கூடி, இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அபூர்வம்தான்; ஆனால் நல்ல திடகாத்திரமான பிள்ளைகள் மைதானத்திலேயே சுருண்டு விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாத்திரை தெர்மாமீட்டரைத்தான் இறக்கும், வைரஸ் அப்படியே இருக்கும். பாராசிட்டமாலாவது பரவாயில்லை; உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆடுவது சிறுநீரகத்துக்கும் கேடு.

வெறும் மூக்கொழுகல், தும்மல் என்றால் நானே பத்து நிமிடம் மெதுவாக ஓடிப்பார்க்கச் சொல்லியிருப்பேன். கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், அதாவது நெஞ்சு இருமல், உடல்வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, கூடவே காய்ச்சல் என்றால், பேச்சே இல்லை. பெஞ்சிலும் உட்கார வைக்காதீர்கள், மற்ற பையன்களுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருக்கட்டும். காலையில் படுக்கையை விட்டு எழுமுன் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். வழக்கமாக 65 இருக்கும் பையனுக்கு இன்னும் 80, 85 என்று ஓடினால் உடம்பு தேறவில்லை. தேறிய பிறகும் முதல் நாள் நடை, மறுநாள் லேசான ஓட்டம், அப்புறம் பந்து. இடையில் நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், வழக்கமில்லாத மூச்சிரைப்பு எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டி ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.