புரோட்டானுக்காக மனையை விற்க வேண்டுமா?

அப்பாவுக்கு 68 வயது, புராஸ்டேட்டில் புற்றுநோய், கிளீசன் 7 (நோயின் வீரியத்தைக் காட்டும் மதிப்பெண்), வெளியே பரவவில்லை, புரோட்டான் கதிர்வீச்சு சிகிச்சைக்காக மனையை விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டு விற்காதீர்கள். புரோட்டான் கற்றை கட்டியோடு நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் மலக்குடல் புராஸ்டேட்டை ஒட்டியே இருக்கிறதே, அங்கே அந்த வித்தை பெரிதாக எடுபடவில்லை. அமெரிக்காவில் உங்கள் அப்பா மாதிரி ஆரம்ப, நடுத்தர நிலையில் இருந்த 450 பேரை வைத்து நடந்த ‘பார்ட்டிக்கால்’ ஆய்வு 2024இல் சொன்னது இதுதான்: இரண்டு வருடம் கழித்துப் பார்த்தாலும் வழக்கமான எக்ஸ்ரே கதிர்வீச்சான ஐஎம்ஆர்டிக்கும் புரோட்டானுக்கும் மலக்குடல் தொல்லையில் வித்தியாசமில்லை. (குழந்தையின் மூளைக் கட்டி என்றால் சென்னை தரமணியில் இருக்கும் புரோட்டான் மையத்துக்கே போங்கள் என்றிருப்பேன்.)

எதைச் செய்தாலும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு மேஜையில் அசையாமல் படுக்க வேண்டும். அப்பாவுக்கு அதுதான் பெரும்பாடாக இருக்கும். அப்புறம், அந்த கிளீசன் 7 என்பது 3+4ஆ, சற்று வீரியம் கூடிய 4+3ஆ? ஹார்மோன் ஊசி தேவையா என்பதற்கு அது முக்கியம், டாக்டரிடம் கேளுங்கள்.