பழைய நிலைக்கதவு வாங்கினேன். பங்காளி நோட்டீஸ் அனுப்புகிறார்

கேள்வி: கோவையில் இன்டீரியர் டிசைன் தொழில் செய்கிறேன். சென்ற ஆண்டு காரைக்குடியில் ஒரு பழைய சாமான் கடையில் செதுக்கு வேலை உள்ள நிலைக்கதவும் நான்கு பர்மா தேக்குத் தூண்களும் 6.80 லட்சம் ரூபாய்க்கு வாங்கி, ஒரு வாடிக்கையாளர் வீட்டில் பொருத்தினேன். 3 லட்சம் வங்கி வழியாகவும் மீதியை ரொக்கமாகவும் கொடுத்தேன். கடைக்காரர் தந்தது ‘மரச் சாமான்’ என்று எழுதிய துண்டுச் சீட்டு மட்டும்தான். இப்போது அந்தச் செட்டிநாட்டு வீட்டுப் பங்காளி ஒருவர், தன் சம்மதம் இல்லாமல் கழற்றி விற்றுவிட்டார்கள் என்று எனக்கும் வாடிக்கையாளருக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். பழைய தேதி போட்டு விற்பனைப் பத்திரம் எழுதித் தரக் கடைக்காரர் தயாராக இருக்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். நீங்கள் வாங்கியது நேர்மையாக. அந்த நேர்மைதான் இன்று உங்கள் கையில் இருக்கும் பலம். முன்தேதியிட்ட ஒரு தாள் அதைக் கெடுத்துவிடும். வழக்கு என்று வந்தால் பொய்ச் சாட்சியம் புனைந்த குற்றச்சாட்டு உங்கள் மேலும் திரும்பும்.

செய்ய வேண்டியது வேறு. இன்றைய தேதியிலேயே ஓர் ஆவணம் எழுதி வாங்குங்கள். ‘இன்ன தேதியில் இன்ன பொருட்களை, இந்த விலைக்கு, இந்த வழியில் பணம் பெற்று விற்றேன், இவற்றை இன்னாரிடமிருந்து, இன்ன வீட்டிலிருந்து வாங்கினேன்’ என்று கடைக்காரர் உறுதி கூறட்டும். வங்கிக் கணக்கு விவரம், லாரி ரசீது, கழற்றும்போது எடுத்த படங்கள், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

இனி பங்காளியின் உரிமைக்கு வருவோம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 27 சொல்வது இது: விற்றவருக்கு இல்லாத உரிமை, வாங்கியவருக்கும் வராது. ஆனால் அடுத்த பிரிவு உங்கள் விஷயத்துக்கே எழுதியதுபோல இருக்கிறது. கூட்டு உரிமையாளர்களில் ஒருவர், மற்றவர்கள் அனுமதியோடு பொருளைத் தன் வசம் மட்டும் வைத்திருந்து விற்றால், விற்க அவருக்கு அதிகாரமில்லை என்பது தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு முழு உரிமையும் போய்ச் சேரும். இங்கே அப்படி வாங்கியவர் கடைக்காரர். நீங்கள் அவரிடமிருந்து வாங்கியவர். ஆகவே அவருக்கு உரிமை வந்ததா என்பதுதான் முதல் கேள்வி. வீட்டுச் சாவி யாரிடம் இருந்தது, மற்றப் பங்காளிகள் எல்லோரும் வெளியூரிலா, பராமரிப்பை ஒருவரிடம் விட்டிருந்தார்களா, பாகப்பிரிவினை நடந்ததா என்று விசாரியுங்கள். பூட்டை உடைத்துக் கழற்றியிருந்தால் பிரிவு 28 உதவாது.

நோட்டீசுக்குப் பதில் போடாமல் இருக்காதீர்கள். விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியதைச் சொல்லி, உரிமைக்கான பத்திரங்களின் நகலைக் கேளுங்கள். பொருள் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் அதை மீட்க வழக்குப் போட அவருக்கு வழியிருக்கிறது. எனவே பேசாமல் விட்டால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம்.

வாடிக்கையாளரிடம் ‘கடைக்காரரைக் கேளுங்கள்’ என்று சொல்லிவிட முடியுமா? உங்கள் பெயரில் பில் போட்டிருந்தால் முடியாது. அவருக்கு விற்றவர் நீங்கள்தான். விற்கும் உரிமை எனக்கு இருக்கிறது என்ற வாக்குறுதி, எழுதாவிட்டாலும் ஒவ்வொரு விற்பனையிலும் அடங்கியிருப்பதாக அதே சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 14 சொல்கிறது. உரிமை இல்லை என்று முடிவானால் அவர் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்; அதே பிரிவை வைத்து நீங்கள் கடைக்காரரிடம் கேட்கலாம். வாடிக்கையாளருக்காக, அவர் பெயரில் வாங்கிக் கொடுத்து, கமிஷன் மட்டும் பெற்றிருந்தால் நிலைமை வேறு. நம் ஊர் டிசைனர்கள் பலர் இந்த இரண்டையும் ஒரே பில்லில் கலந்துவிடுகிறார்கள். தயவுசெய்து பிரித்து எழுதுங்கள்.

இனி வாங்கும்போது பத்திரத்தில் ‘மரச் சாமான்’ என்று எழுத விடாதீர்கள். நிலையின் உயரம், அகலம், மரம், மேல்கட்டையில் கஜலட்சுமி செதுக்கல், இடப்பக்கக் கதவில் இரண்டு பித்தளைக் குமிழ் இல்லை என்பதுவரை எழுதி, படத்தின் பின்புறம் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எந்த ஊர், எந்த வீடு, விற்ற பங்காளிகள் யார், மற்றவர்களின் சம்மதக் கடிதம் உண்டா என்பதும், உரிமைத் தகராறு வந்தால் நட்டத்தைக் கடைக்காரரே ஈடுசெய்வார் என்ற வரியும் வேண்டும். வீட்டிலிருந்து கழற்றிய பிறகு இவை அசையும் பொருள். பதிவாளர் அலுவலகம் போக வேண்டியதில்லை. 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் பெற்ற ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, தண்டம் பணத்தைப் பெற்றவருக்குத்தான். உங்கள் கடைக்காரர் முன்தேதிப் பத்திரத்துக்கு ஆர்வம் காட்டுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று. செட்டிநாட்டு வீடுகளில் பல 100 ஆண்டு தாண்டியவை. கலைவேலைப்பாடுள்ள பொருளுக்கு 100 வயது ஆகிவிட்டால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும். அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது விலை பேசுவதற்கு முன் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள்.