சேவைக்காலக் கணக்கில் குறையும் ஒரு நாள்

வணக்கம் ஐயா,

புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். பழைய பணியாளர்களின் சேவைக்காலத்தைச் சரிபார்ப்பதற்காக, லினக்ஸில் டேட் கட்டளையால் இரு திகதிகளையும் செக்கன்களாக மாற்றி, கழித்து, 86400 ஆல் வகுத்து நாட்களை எடுத்தேன். அதை 365 ஆல் வகுத்து ஆண்டுகளை எடுத்தேன். 1.3.1996 இல் சேர்ந்து 28.2.2001 வரை வேலை செய்த ஒருவருக்கு 1824 நாட்கள், 4 ஆண்டுகள் என்று வருகிறது. எக்செலில் கழித்தால் 1825 நாட்கள். 2006 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே வருகின்றன. பிழை எங்கே?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள வாசகிக்கு,

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று குறைகள் உங்கள் விடையில் ஒன்றாக வந்து சேர்ந்திருக்கின்றன. முதலாவது கொழும்புக்கே உரியது.

டேட் கட்டளையிடம் வெறும் திகதியைக் கொடுத்தால், அது அந்த நாளின் நள்ளிரவை உங்கள் கணினியின் நேர வலயப்படி எடுத்துக்கொண்டு, 1970 ஜனவரி 1 ஆம் திகதி கிரீன்விச் நள்ளிரவிலிருந்து அதுவரை கடந்த செக்கன்களைத் தரும். இலங்கை நேரம் இடையில் மாறாமல் இருந்திருந்தால் இதில் சிக்கல் இல்லை. ஆனால் மின்சார நெருக்கடி நிலவிய 1996 இல், மே 25 அன்று கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 26 இல் அரைமணி பின்னே எடுத்தார்கள். எஞ்சிய அரைமணி 2006 ஏப்ரல் 15 வரை, சித்திரைப் புத்தாண்டையொட்டிப் பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை, அப்படியே இருந்தது. (விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது, அதற்குக் கணினியில் தனி வலயம் இல்லை.) ஆகவே நீங்கள் காட்டிய இரு நள்ளிரவுகளுக்கும் நடுவில் இருப்பது 1825 நாட்களுக்கு அரைமணி, அதாவது 1800 செக்கன் குறைவு. கட்டளைகளை ஓட்டும் நிரலான ஷெல்லின் வகுத்தல் பின்னத்தைத் தள்ளிவிடுவதால் அந்த அரைமணிக்காக ஒரு முழு நாளே போய்விடுகிறது. 2006 மாற்றத்துக்கு முன் சேர்ந்து அதற்குப் பின் விலகியவர்களில் சிலருக்கு மாறாக அரைமணி கூடுதலாக வரும். அதையும் வகுத்தல் விழுங்கிவிடுவதால் உங்கள் கண்ணில் படவில்லை.

1996 மே 25 ஆம் திகதியை மட்டும் கொடுத்துப் பாருங்கள். அது செல்லாத திகதி என்று கட்டளை மறுத்துவிடும். அன்று கொழும்பில் கடிகாரம் 12 மணியிலிருந்து நேரே 1 மணிக்குத் தாவியதால், அந்த நாளுக்கு நள்ளிரவு 12 மணி என்ற கணமே இல்லை. அன்று வேலைக்குச் சேர்ந்த ஒருவர் உங்கள் பட்டியலில் இருந்தால் அந்த வரியில் பிழைச் செய்தி வந்திருக்கும்.

தீர்வு சிறியது. இரு இடங்களிலும் டேட்டுக்குப் பின் ஒரு சிறுகோடும் சிறிய யு எழுத்தும் சேர்த்தால், கட்டளை யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் கணக்கிடும். அந்தக் கணக்கில் எல்லா நாளும் சரியாக 86400 செக்கன். பைத்தான் நிரல்மொழியில் நேரம் கலவாத திகதிகளைக் கழித்தாலும் 1825 தான் வரும்.

இரண்டாவது குறை, கழித்தல் என்பது எண்ணுதல் அல்ல என்பது. முதல் நாளும் கடைசி நாளும் வேலை செய்தவருக்கு 1825 உடன் ஒன்றைக் கூட்டி 1826 நாட்கள் என்றே கொள்ள வேண்டும். எக்செலும் இதைத் தானாகச் செய்யாது.

மூன்றாவதுதான் பணத்தைத் தொடுவது. வேலையிலிருந்து விலகுபவருக்குத் தரும் தொகை பற்றிய 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் கேட்பது நாட்களையல்ல, பூர்த்தியான ஆண்டுகளை. ஐந்து ஆண்டுகள் பூர்த்தியானால்தான் உரிமையே பிறக்கிறது. அதை 365 ஆல் வகுத்து எடுப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன், ஏனெனில் நெட்டாண்டுகள் சேரச் சேர, இருபது முப்பது ஆண்டு உழைத்தவருக்கு ஆண்டு நிறைவதற்குச் சில நாட்கள் முன்பே ஓர் ஆண்டு கூடிவிடும். கடைசி நாளுக்கு மறுநாளை எடுத்து, இரு திகதிகளையும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இடைவெளியில்லாத எட்டிலக்க எண்களாக அச்சிடுங்கள். 20010301 இலிருந்து 19960301 ஐக் கழித்தால் 50000. அதை 10000 ஆல் வகுத்தால் 5. மறுநாளுக்குப் போகாமல் 20010228 ஐ வைத்தால் 49927 வந்து மறுபடியும் 4 என்றே காட்டும், கவனம்.

அலுவலகத்தில் மேக் கணினி இருந்தால் இந்தக் கட்டளைகள் அப்படியே ஓடா. அங்குள்ள டேட் வேறு வகை. வடிவத்தைச் சொல்லித் திகதியை மட்டும் கொடுத்தால் நள்ளிரவை எடுக்காமல், கட்டளை ஓடும் அந்நேரத்து மணியையும் செக்கனையும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு திகதிகளுக்கும் நேரத்தைப் பூச்சியமாக நீங்களே எழுதிக் கொடுங்கள்.

நாட்கணக்கில், கடைசி நாளுக்கான ஒன்றை எல்லோருக்கும் கூட்ட வேண்டும்; நேர மாற்றத்தால் வந்த குறைக்கு, 1996 மே 25 க்கு முன் சேர்ந்து 2006 ஏப்ரல் 15 க்கு முன் விலகியவர்களை மட்டும் மீண்டும் பார்த்தால் போதும். ஆண்டுக்கணக்கை எல்லோருக்கும் புதிதாகப் போட வேண்டும்.