மகளிர் லீக் கேள்வி பதில்: வியாசர்பாடி கிரவுண்டிலிருந்து ஒரு கோச்

முல்லை நகர் பக்கம் பொண்ணுங்களுக்கு ஃபுட்பால் கத்துக்கொடுக்கிறேன். இந்திய மகளிர் லீக் பத்திக் கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.

தண்டையார்பேட்டை: அக்கா, 2024-25 சீசன்ல கப்பு யாருக்கு?
கொல்கத்தாவோட ஈஸ்ட் பெங்கால். எட்டு டீம், சொந்த ஊர்ல ஒரு ஆட்டம், எதிர் டீம் ஊர்ல ஒண்ணு, ஆக ஆளுக்கு 14 மேட்ச். கேரளா கிளப்பு கோகுலம் ரெண்டாவது. அப்ப கோகுலத்துக்கு ஆடின உகாண்டா பொண்ணு ஃபசிலா இக்வாபுட் 24 கோல் அடிச்சாங்க.

கொடுங்கையூர்: பொண்ணுக்கு 13 வயசு. பெரிய கிளப்புல செலக்‌ஷன் வாங்கித் தரேன்னு ஒருத்தர் 40,000 கேக்குறாரு மேடம்.
கொடுக்காதீங்கம்மா. செலக்‌ஷனை யாரும் காசுக்கு விக்க முடியாது. ஆட்டத்தைப் பாத்துதான் எடுப்பாங்க. அவர் பிறப்புச் சான்றிதழ்ல வயசைக் குறைக்கலாம்னு சொன்னா இன்னும் தள்ளியே நில்லுங்க. எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயசு பாக்குற டெஸ்ட் இருக்கு. அதுல மாட்டினா கெடுறது பிள்ளையோட பேருதான்.

பெரம்பூர்: லேடீஸ் மேட்ச்னா நேரம் கம்மியா?
இல்லை. அதே 90 நிமிஷம், அதே அஞ்சாம் நம்பர் பந்து.

ராயபுரம்: 2019-ல மதுரை கிளப்பு சேது ஜெயிச்சதை லீக்னே சொல்லக் கூடாது கோச். லூதியானாவுல ஒரே மாசத்துல முடிஞ்ச டோர்னமென்ட் அது.
தம்பி, அப்ப எல்லாருக்கும் அதான் முறை. முதல் சீசன் டெல்லி, அடுத்தது ஷில்லாங், அப்புறம் லூதியானா, பெங்களூரு, புவனேஸ்வர், அகமதாபாத். ஃபைனல் ரவுண்டு மொத்தமும் ஒரே ஊர்லதான் நடந்துச்சு. மதுரை கிளப்பு ஃபைனல்ல மணிப்பூர் போலீஸை 3-1-னு அடிச்ச கப்பு அது. அதை அழிச்சா, அதே மாதிரி ஒரே ஊர்ல கோகுலம் ஜெயிச்ச மூணு கப்பையும் அழிக்கணும்.

ராயபுரம்: 2022-ல ஃபைனலே கிடையாது. எல்லாரும் எல்லாரோடயும் ஆடினாங்க. அது லீக்தானே?
சரி, அந்த வருஷத்தை ஒத்துக்கிறேன். 12 டீம், ஆளுக்கு 11 மேட்ச். கடைசி மேட்ச்ல சேதுவும் கோகுலமும் மோதினாங்க. அதுவரைக்கும் ரெண்டு பேருமே பத்துக்குப் பத்து ஜெயிச்சிருந்தாங்க. கோகுலம் 3-1. அதைவிட நல்ல கடைசி நாள் எந்த லீக்குக்கும் அமையாது. 2019-ல சேதுவுக்கு ஆடின நேபாளத்து சபித்ரா பண்டாரி அடுத்த சீசன்ல கோகுலத்துக்கு ஆடினாங்க. அங்கேயும் கப்பு. ஒண்ணு செல்லும், இன்னொண்ணு செல்லாதுன்னு அவங்ககிட்ட போய்ச் சொல்வியா?

எனக்கு ஆதங்கம் வேற இடத்துல. ஒரே ஊர்ல நடந்தப்போ சில வாரத்துல எல்லாம் முடிஞ்சு, பொண்ணுங்க மீதி வருஷம் மேட்ச் இல்லாம வீட்டுல உக்காந்திருந்தாங்க. 2023-24-லதான் சொந்த ஊர், வெளியூர்னு மாறிச்சு. மாசக்கணக்கா ஆடினாதான் ஆட்டம் தேறும். 14 மேட்ச் எனக்குப் பத்தாது.

திருவொற்றியூர்: ட்ரயலுக்கு 15,000 கட்டச் சொல்றாங்க…
கொடுங்கையூர் அம்மாவுக்குச் சொன்னதேதான். கட்டாதீங்க.

எண்ணூர்: பொண்ணுக்கு முட்டி வலி. ஓய்வு எடுத்தா போதுமா?
வீங்கியிருந்தா முதல்ல எலும்பு டாக்டர். முட்டிக்குள்ள இருக்குற ஏசிஎல் ஜவ்வு பசங்களைவிடப் பொண்ணுங்களுக்குத்தான் அதிகமா கிழியுது. போன செவ்வாய்க்கிழமை ஒரு பொண்ணு எகிறி ஹெட் பண்ணிட்டு இறங்கினா. ரெண்டு முட்டியும் உள்பக்கமா மடங்கி ஒண்ணோட ஒண்ணு இடிச்சுச்சு. ஆட்டத்தை நிறுத்தி, முட்டி கால்விரலுக்கு நேரா வர்ற மாதிரி இருபது தடவை குதிக்க வெச்சேன். ஃபிஃபா 11 பிளஸ்னு ஒரு வார்ம்-அப் இருக்கு, 20 நிமிஷம்தான். வாரத்துக்கு ரெண்டு மூணு தடவையாவது செய்யச் சொல்லுங்க. எந்தச் சாமானும் வாங்க வேண்டாம்.

மூலக்கடை: சென்னையின் எஃப்சி டிக்கெட் எங்க கிடைக்கும்?
அது ஆம்பளைங்க டீம். அவங்க பேஜ்ல பாருங்க.

வியாசர்பாடி: செலக்‌ஷனுக்கு எவ்ளோ ஆகும் அக்கா?
மூணாவது தடவை சொல்றேன்: ஒரு ரூபா கூடக் கொடுக்காதீங்க. பிள்ளையைக் காலைல அஞ்சரைக்கு கிரவுண்டுக்குக் கூட்டிட்டு வாங்க, ஷூ இல்லன்னாலும் பரவாயில்ல.

ராயபுரம்: சரி கோச், 2019 லீக்தான். ஆனா 2023…
நாளைக்கு கிரவுண்டுக்கு வா தம்பி, பேசலாம்.