ஒருத்தியே சமாளிக்க வழி உண்டா?

கேள்வி: நான் மயக்கவியல் மருத்துவர். வாரம் ஒரு நைட் டியூட்டி, இடையிடையே, கூப்பிட்டால் ஓட வேண்டிய ஆன்-கால். பிள்ளைகளுக்கு 4 வயது, 9 வயது. அப்பாவுக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மூட்டுவலி. அம்மாவுக்கு இடுப்பெலும்பு அறுவை ஆகியிருக்கிறது. இருவரும் எங்களோடுதான் இருக்கிறார்கள். கணவர் முடிந்தபோது உதவுவார். எல்லாவற்றையும் ஒருத்தியே சமாளிக்க என்ன வழி?

பதில்: வழி கிடையாது. மயக்கம் கொடுத்த நோயாளியை இன்னொருவரிடம் ஒப்படைக்காமல் ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வருவீர்களா? வீட்டை மட்டும் யாரிடமும் ஒப்படைக்காமல் கிளம்பிவிடுகிறீர்கள். 'முடிந்தபோது' வருகிற டியூட்டி டாக்டரை எந்த வார்டாவது ஏற்குமா?

மாத டியூட்டிப் பட்டியல் வந்த அன்றே கணவரோடு உட்காருங்கள். உங்கள் ஒவ்வொரு இரவுக்கும் வீட்டுப் பொறுப்பு யாருக்கு, அவரால் முடியாவிட்டால் அடுத்தது யார் என்று இரண்டு பெயர் எழுதுங்கள். ஒரு பெயர் போதாது. குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும் இரவிலேதான் அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கும். தியேட்டருக்குள் உங்கள் செல்போன் எடுபடாது. அங்குள்ள தரைவழித் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, எதற்கெல்லாம் கூப்பிடலாம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

அடுத்து, அப்பாவுக்கு நீங்களே வைத்தியம் பார்ப்பதாக இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ரத்தக் கொதிப்புக்கு ராமிப்ரில் ஒருவர் எழுதியிருப்பார், கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை இன்னொருவர், மூட்டுவலிக்கு டைக்லோஃபெனாக் மூன்றாமவர். மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். அடுத்தவர் அப்பா என்றால் சீட்டைப் பார்த்ததுமே பிடித்திருப்பீர்கள். சொந்த அப்பா என்பதால் சீட்டையே பார்க்காமல் போனில் டோஸ் சொல்கிறோம்! எல்லா மருந்தையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க வெளி மருத்துவர் ஒருவரை அமர்த்துங்கள். நீர் மாத்திரையைச் சாயங்காலம் போடுகிறாரா என்றும் அப்பாவிடம் கேளுங்கள். ராத்திரி மூன்று முறை எழுந்து கழிவறைக்கு நடப்பதில்தான் வயதானவர்கள் விழுகிறார்கள்.

உங்களுக்குத் தெரிந்தது வீட்டில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்தால் விடியற்காலையில் சர்க்கரை விழும். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இதைத் தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

நைட் முடிந்து வந்த கையோடு பிள்ளைகளைக் காரில் பள்ளியில் விடுகிறீர்களா? 24 மணி நேரம் தூங்காதவரின் நிதானம், ரத்தத்தில் 0.10 சதவீதம் மது உள்ளவரின் நிதானத்துக்குச் சமம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரவெல்லாம் வீட்டில் இல்லையே என்ற குற்ற உணர்ச்சிதான் அந்தச் சாவியை எடுக்கவைக்கிறது. வண்டியைக் கணவர் ஓட்டட்டும், நீங்கள் போய்ப் படுங்கள்.

பெரியவனோ பெரியவளோ, 9 வயதில் காலண்டர் பார்க்கத் தெரியும். நைட் நாட்களை வண்ணம் தீட்ட விடுங்கள். சின்னதிடம் 'சீக்கிரம் வந்துடுறேன்' என்று சொல்லாதீர்கள்; 'நாளைக்குக் காலையில் நீ எழுந்த பிறகு வருவேன்' என்றால் அதற்குப் புரியும். பள்ளி ஆண்டுவிழாவுக்கு லீவு வேண்டுமானால் பட்டியல் போடுமுன் கேளுங்கள். போட்ட பிறகு கேட்டால், உங்களைப் போலவே பிள்ளை பெற்ற இன்னொருவர் தலையில் அது விழும்.

அடுத்த மாத வீட்டுப் பட்டியலை உங்கள் கணவர் கையால் எழுதட்டும். அவர் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.