காயிலைப் பிரிப்பதற்கு முன் ஈரத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) தோட்டத்தில் ஆயில் எஞ்சினோடு ஒரு பழைய பெல்ட் ஜெனரேட்டர் பல ஆண்டுகளாக ஓடாமல் கிடக்கிறது. காயில் போயிருக்கும், தாமிர விலைக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள். அதை மறுபடி ஓட வைக்க முடியுமா?

முடியும். தயவுசெய்து பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். தாராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் அப்புச்சியின் சாளையிலும் (தோட்டத்து வீடு) இதே நிலையில் ஒன்று கிடந்தது. 3 கேவிஏ, ஒற்றை ஃபேஸ், 230 வோல்ட், நிமிடத்துக்கு 1500 சுற்று. அதே தண்டின் வால் பக்கத்தில் சிறிய டைனமோ ஒன்று உண்டு. ஜெனரேட்டரின் காந்தச் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும் அதைத்தான் எக்சைட்டர் என்பார்கள். ஜெனரேட்டரை இழுப்பது 6 குதிரைத்திறன், 650 சுற்று லிஸ்டர் வகை எஞ்சின்.

நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் 1932-லேயே மலையிறங்கிக் கோவை ஆலைகளுக்கு வந்துவிட்டது. எங்கள் தோட்டத்துக்குக் கம்பி வந்தது வெகு காலம் கழித்து. அதுவரை பகலில் இந்த எஞ்சின் கிணற்றுத் தண்ணீர் இறைத்தது; மாரியம்மன் நோம்பி வந்தால் பெல்ட்டை ஜெனரேட்டருக்கு மாற்றி ஊருக்கே விளக்குப் போட்டது. கவலை (கிணற்றில் தோல்பையால் நீர் இறைக்கும் ஏற்றம்) ஓட்டிய மாடுகளுக்கு ஓய்வு கொடுத்த இயந்திரம் என்று அப்புச்சி அதற்கு ஆயுதபூசையில் முதல் பொட்டு வைப்பார். அதனால்தான் அதை விற்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் நான் காட்டிய வைண்டிங் கடையில், மூடியைக் கழற்றி மோந்து பார்த்துவிட்டு, "கருகிவிட்டது, முழுவதும் புதுக் காயில்தான்" என்று சொல்லிவிட்டார்கள். மின்கசிவுத் தடையை மெகாஓம் கணக்கில் காட்டும் மெக்கர் என்ற கருவியை வைத்து அளக்கவே இல்லை. நானும் நம்பி முன்பணம் கொடுக்கத் தயாராகிவிட்டேன். காங்கேயத்தில் மோட்டார் வேலையிலேயே தலை நரைத்த பெரியவர் ஒருவரிடம் என் மாமா அழைத்துப் போனதால் பிழைத்தேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு, கருகிய காயில் தொட்டால் உதிரும். இது உதிரவில்லை. மழை ஈரத்தைக் குடித்திருக்கிறது, அவ்வளவுதான்" என்றார்.

இதைத்தான் உங்களுக்கும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல ஆண்டுகள் ஓடாத ஜெனரேட்டரில் பெரும்பாலும் இரண்டு குறைகள்தான் இருக்கும்: ஈரம் ஏறியிருக்கும், மின்சாரம் பிறக்கத் தொடங்குவதற்காக இரும்பில் மீதமிருந்த காந்தம் போயிருக்கும். இரண்டுக்கும் காயிலைப் பிரிக்க வேண்டியதில்லை. பஞ்சுநூல் சுற்றிய அந்தக் காலத்துத் தாமிரக் கம்பியை ஒருமுறை அறுத்தெடுத்தால் எடுத்ததுதான்.

முதலில் சுத்தம் செய்யுங்கள். எங்களுடையதில் குளவிக்கூடு நான்கும் ஓர் எலிக்கூடும் இருந்தன. மூங்கில் குச்சியும் மெல்லிய பிரஷும் போதும். எஞ்சினின் புகைக்குழாயில் வெள்ளைக் கயிறு சுற்றியிருந்தால் அது கல்நாராக இருக்கலாம். காற்றடித்து ஊதாமல், தண்ணீரில் நனைத்து, முகக்கவசம் போட்டு எடுங்கள்.

பிறகு 500 வோல்ட் மெக்கரால் காயிலுக்கும் உடலுக்கும் இடையே அளந்து பாருங்கள். எங்களுக்கு 0.2 மெகாஓம் வந்தது. 230 வோல்ட் இயந்திரத்துக்குக் குறைந்தது ஒன்றேகால் மெகாஓமாவது வேண்டும். அடியில் இரண்டு 100 வாட் குண்டு பல்புகள் வைத்து, காயிலில் படாதபடி தள்ளி, மேலே தார்ப்பாய் போட்டு, ஈரக்காற்று வெளியேற உச்சியில் ஓர் ஓட்டை விட்டோம். கை வைத்தால் பொறுக்கும் சூடுதான் இருக்க வேண்டும். மூன்றாம் நாள் அளந்தால் 0.1! பாதியாகக் குறைந்துவிட்டதே என்று நான் பதறிப்போனேன். சூடேறும்போது முதலில் அளவு இறங்கும், ஈரம் வெளியேற வெளியேறத்தான் ஏறும் என்று பெரியவர் பொறுமையாகச் சொன்னார். பன்னிரண்டாம் நாள் 6, பதினாறாம் நாள் 20. ஒவ்வொரு நாள் அளவையும் சுவரில் கரியால் எழுதிவைத்தேன், இன்றும் அழிக்கவில்லை. காய்ந்த பின்தான் வார்னிஷ் அடிக்க வேண்டும். முன்பே அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

எக்சைட்டரின் கம்யூட்டேட்டரை (கார்பன் பிரஷ் உரசி ஓடும் தாமிரப் பட்டை உருளை) மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடையுங்கள். எமரி தாள் வேண்டாம், அதன் துகள் தாமிரத்தில் புதைந்து கார்பன் பிரஷ்ஷை அரிக்கும். தாமிரப் பட்டைகளுக்கு நடுவிலுள்ள மைக்கா மேலே துருத்தியிருந்தால், உடைந்த ஹேக்சா பிளேடால் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சீவிவிடுங்கள்.

இத்தனையும் செய்து ஓட்டியபோது வோல்ட் மீட்டர் முள் அசையவே இல்லை. காந்தம் செத்திருந்தது. இயந்திரத்தை நிறுத்தி, எக்சைட்டரின் பிரஷ்களைத் தூக்கிவிட்டு, அதன் ஃபீல்டு சுருளுக்கு (காந்தத்தை உண்டாக்கும் சுருள்) 12 வோல்ட் பேட்டரியைப் பத்து விநாடி கொடுத்தோம். நேரும் எதிரும் பழைய இணைப்பின்படியே இருக்க வேண்டும். வயரை எடுக்கும்போது பொறி பறக்கும், வெறுங்கையால் தொடாதீர்கள். பிரஷ்களை இறக்கி மறுபடி ஓட்டினால் முள் மெல்லத் துடித்து, பிறகு தானாகவே ஏறத் தொடங்கியது. என் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏறிய முள் 190-லேயே நின்றுவிட்டது. மின்விசிறியும் சோம்பலாகச் சுற்றியது. புல்லியை அளந்தபோது காரணம் தெரிந்தது. எஞ்சின் பக்கம் 24 அங்குலம். ஜெனரேட்டரில் யாரோ 12 அங்குலப் புல்லியை மாட்டியிருக்கிறார்கள். 650 சுற்றுக்கு இந்த அளவில் 1300-தான் கிடைக்கும், அதாவது 50 ஹெர்ட்ஸுக்குப் பதில் 43 ஹெர்ட்ஸ். எஞ்சினை முறுக்கி வேகத்தைக் கூட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்த வார்ப்பிரும்புச் சக்கரம் அளவுக்கு மீறிச் சுற்றினால் வெடித்துச் சிதறும். லேத் பட்டறையில் பத்தேகால் அங்குலத்துக்குப் புதுப் புல்லி கடைந்து வாங்கினோம். பெல்ட் வழுக்குவதற்குக் கொஞ்சம் கழித்தால் 1500 சரியாக வருகிறது.

வீட்டு லைனோடு இணைப்பதானால் லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு சேர்க்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைக்கவே கூடாது. உங்கள் கரண்ட் டிரான்ஸ்பார்மர் வழியே திரும்பி ஏறினால், கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிர் போய்விடும்.

முதல் வேலையாக உங்கள் இயந்திரத்தின் பித்தளைத் தகட்டைத் தேய்க்காமல் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, அதிலுள்ள சுற்று, வோல்ட், ஆம்பியர் மூன்றையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். எஞ்சின் சக்கரத்தின் அளவையும் சேர்த்துச் சொன்னால் புல்லிக் கணக்கை நானே போட்டுத் தருகிறேன்.