கலர் வராத முட்டைக்கோஸும் கருகிய குரோட்டனும்

கேள்வி: ஐயா, தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கிறேன். மார்ச் கடைசியில் வாசலில் 60 அலங்கார முட்டைக்கோஸ் கன்று நட்டேன். ஆடிக்கூழ் ஊற்றும்போது ஊதாவும் வெள்ளையுமாக நிற்கவேண்டும் என்று ஆசை. ஜூன் பாதி ஆகியும் பச்சையாகவே நெட்டையாக வளர்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை லேன் (LAN, சுண்ணாம்பு கலந்த அம்மோனியம் நைட்ரேட்) உரம் போடுகிறேன். போதவில்லையா? டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் மச்சான் கொடுத்த குரோட்டன்களும் ஒரே இரவில் கருகிவிட்டன. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: போதவில்லையா என்று கேட்கிறீர்களே தம்பி, போட்டதுதான் வினை. லேனில் 28 சதவீதம் தழைச்சத்து. அதைத் தின்னும் செடி பச்சையை ஏன் விடப்போகிறது?

இரவில் 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்து, அப்படியே இரண்டு மூன்று வாரம் போனால்தான் நடு இலைகளில் பச்சையம் வடியும். ஊதா ரகத்தில் ஆந்தோசயனின் என்ற நிறமி ஏறும், வெள்ளை ரகம் வெளுக்கும். உங்கள் ஊர் 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது, குளிருக்குப் பஞ்சமில்லை. தடுப்பது உர மூட்டைதான். நடும்போது மக்கிய எருவோடு கொஞ்சம் 2:3:2 கலப்பு உரம் (தழை, மணி, சாம்பல் சத்து அந்த விகிதத்தில்), அதோடு கணக்கு முடிந்தது. கடைக்காரர் அடுத்து ‘கலர் ஏற்றும் திரவம்’ என்று ஒரு பாட்டிலை நீட்டுவார். அந்தக் காசைக் கோயில் உண்டியலில் போடுங்கள். நானும் ஒரு வருஷம் கோழி எருவைக் குவித்து, ஆகஸ்ட் வரை பச்சை பார்த்தவன்தான். கடைசியில் பொரியல் வைத்தோம்.

இப்போது லேனை நிறுத்துங்கள். இரண்டு தடவை தண்ணீரை நன்றாகப் பாய்ச்சினால் மிச்ச உர உப்பு கீழே இறங்கும். பழுத்த அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, கீழ் இலை வரை மண் அணையுங்கள், நெட்டை மறையும். ஆடிக்குள் நடுவில் கலர் வரலாம். அறுபதும் ஒன்றுபோல வரும் என்று வாக்குத் தரமாட்டேன்.

குரோட்டனுக்கு மருந்தே இல்லை, அது நோய் அல்ல, உறைபனி. டர்பன் கடற்கரையில் பனி விழாது, அதனால் மச்சான் வீட்டில் செழிக்கிறது. கருகிய இலையை இப்போது வெட்டாதீர்கள், உள்ளே இருப்பதற்கு அதுதான் போர்வை. செப்டம்பரில் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் அதற்கு மேலே வெட்டலாம். எதுவுமே தெரியாவிட்டால் பிடுங்கிவிடுங்கள். பிழைத்ததைத் தொட்டிக்கு மாற்றி, ஏப்ரல் கடைசியில் வீட்டுக்குள் கொண்டுபோங்கள்.

மற்ற கலருக்குப் பான்சி, காலெண்டுலா, ஐஸ்லாந்து பாப்பி மூன்றும் பனி தாங்கும். செண்டுமல்லி தாங்காது. வடக்குப் பார்த்த சுவரோரம் வையுங்கள். தாத்தா ஊரான தமிழ்நாட்டில் குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்வார், இங்கே வடக்கே. தண்ணீர் காலை பத்து மணிக்கு, மாலையில் வேண்டாம். இங்கே குளிர்காலத்தில் மழை கிடையாது. பனியில் போனதென்று நினைக்கும் செடிகளில் பாதி தாகத்தில் போனவை.

நீங்கள் கேட்டிருக்கவேண்டியது உரத்தைப் பற்றி அல்ல, நடும் தேதியைப் பற்றி. குளிர் இறங்கியபின் இந்த முட்டைக்கோஸ் அதிகம் பெரிதாகாது, நிறம்தான் மாறும். ஆகவே ஏப்ரல் கடைசிக்குள் முழு அளவுக்கு வந்திருக்கவேண்டும். மே மாதம் கடையில் விற்கும், வேர் சுருண்ட குட்டித் தொட்டிகளை வாங்காதீர்கள். ஜனவரி கடைசியில் நீங்களே விதைத்து, மார்ச் முதல் வாரம் நட்டுவிடுங்கள்.